டீசல் வண்டிக்கு மைலேஜ் குறித்த நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். உரமும் விதையும் விற்கிற சங்கம். சுற்றியுள்ள கிளைகளுக்கு மூட்டைகளைக் கொண்டுபோக ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தோம். அது படுத்துவிட்டது. புது வண்டி வாங்க அனுமதி கேட்டு எழுதி, கேட்ட விளக்கத்துக்கு விளக்கம் எழுதி, ஒருவழியாக அனுமதி வந்தபோது பழைய வண்டியின் அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது.

அனுமதியில் ஒரு விஷயத்தை மட்டும் எங்கள் முடிவுக்கு விட்டிருந்தார்கள். டீசலா, பெட்ரோலா?

பழைய வண்டி பெட்ரோல். செயலாளரிடம் ஒரு ஸ்கூட்டர், கணக்கரிடம் ஒரு மொபெட். இரண்டும் பங்க் பக்கம் போனதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. தணிக்கையில் பெட்ரோல் குறைந்தது. குறைவுக்கு டிரைவர்தான் பொறுப்பு என்பது விதி. சம்பளத்தில் பிடித்தார்கள், பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். ட்யூப் போட்டு உறிஞ்சுகிறவரைப் பற்றி விதியில் ஒரு வரியும் கிடையாது.

அவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்தவர் ஒரு இளைஞர். ஒருநாள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, எந்த வண்டி வாங்கப் போறிய?”

“எதுவானா என்ன தம்பி, நீ ஓட்டத்தான போற.”

“பெட்ரோல்னா ஆபீஸ்ல ரெண்டு பேரு எடுப்பாவ. டீசல்னா போர்டே எடுக்கும். ராயகிரியில பொண்ணு பாத்திருக்கு. வேலை நிரந்தரமானாத்தான் குடுப்போம்ங்காவ. டீசல் குறையுதுன்னு ஒரு வரி எழுதிட்டா அதோட போச்சு.”

அவர் சொன்னது சரிதான். எங்கள் இயக்குநர்கள் எல்லாருமே விவசாயிகள். பருத்தி, மிளகாய். எல்லார் கிணற்றிலும் ஆயில் எஞ்சின் உண்டு, ஏனென்றால் கரண்டு வருவது மழை வருவதைப் போலத்தான். ஆயில் எஞ்சின் குடிப்பது டீசல்.

பெட்ரோல் வண்டியே வாங்கலாம் என்று குறிப்பு வைத்தேன். உண்மையான காரணத்தை எழுத முடியாது. எனவே குளிர்காலக் காலைகளில் டீசல் எஞ்சின் கிளம்பத் தாமதமாகும் என்று எழுதினேன். சங்கரன்கோவிலில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதாக ஒப்புக்கொண்ட ஒரே அலுவலகக் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

கூட்டத்தில் தலைவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன வே, பெட்ரோல் விக்கிற விலையில சங்கத்தையே வித்துருவீரு போலிருக்கே. குளிருதுன்னா டிரைவருக்கு ஒரு போர்வை வாங்கிக் குடும்.”

எல்லாரும் சிரித்தார்கள். டீசல் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. நாற்காலிக்கு உறை தைக்கும் விஷயத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டவர்கள் ஒருமனதானதை அன்றுதான் பார்த்தேன்.

வண்டி வந்தது. திருவேங்கடம் கிளைக்கு லோடு போனால் வழியில் இருக்கும் தோட்டங்களில் நின்று போக வேண்டும். தோட்டத்து ஆள் கேனும் ட்யூபுமாக வருவார். “முதலாளி சொன்னாவ” என்பார். மேற்கொண்டு பேச்சு கிடையாது. டிரைவர் மெலிந்துகொண்டே வந்தார்.

புது வண்டி ஓடிப் பழகியதும், லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று சோதித்து எழுதி வைக்க வேண்டும். பின்னால் குறைவு உண்டா இல்லையா என்பதை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். இரண்டு இயக்குநர்கள் உடன் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. கரண்டு சுத்தமாக இல்லாத ஒரு வாரத்தில் நாள் குறித்தேன். திருவேங்கடம் போகிற வழியில் தோட்டம் வைத்திருக்கும் இரண்டு பேரை, வழி தெரிந்தவர்கள் என்று காரணம் காட்டி அழைத்தேன்.

“நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?” என்றார் டிரைவர்.

“ஒண்ணும் செய்யாத. எப்பவும் போல ஓட்டு. எப்பவும் நிக்கிற இடத்துல நில்லு.”

பங்கில் டேங்க்கைத் தளும்ப நிரப்பினோம். இயக்குநர்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் யூரியா மூட்டைமேல். முதல் தோட்டத்தில் வண்டி நின்றது. ஆள் கேனோடு ஓடி வந்தார். முன்னால் இருந்த முதலாளியைப் பார்த்ததும் உற்சாகமாகி, இன்னொரு கேனும் எடுத்து வந்தார். தோட்டத்துக்காரர் எதிர்ப்பக்கத்து வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, சட்டுனு ஆகட்டும்” என்றார் கடைசியில்.

அடுத்தவர் தோட்டத்திலும் வண்டி நின்றது. பக்கத்தில் இருந்தவருக்குக் கிடைத்தது தனக்கு இல்லாமல் போவதா? அவர் பார்வையும் வேலிக்குப் போனது.

திரும்பி வந்து அதே பங்கில் மறுபடி நிரப்பினோம். ஊற்ற ஊற்றப் போய்க்கொண்டே இருந்தது. பங்க்காரர் குனிந்து வண்டிக்கு அடியில் ஒழுகுகிறதா என்று பார்த்தார்.

“புது வண்டி ரொம்பக் குடிக்கு வே” என்றார் ஒருவர்.

“சில வண்டி அப்படித்தான். அமைப்பு” என்றார் மற்றவர்.

அமைப்பு என்றே எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். லிட்டருக்கு அவ்வளவு குறைவாக ஓடும் வண்டி ஜில்லாவில் வேறு இருந்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு டிரைவர் கணக்கில் ஒரு சொட்டும் குறையவில்லை. நிரந்தரமானார். ராயகிரியில் கல்யாணம். தலைவர்தான் தலைமை தாங்கினார். வாழ்த்திப் பேசும்போது ஒழுக்கத்தைப் பற்றித் தனியாகச் சொன்னார். நான் இலையில் கவனமாக இருந்தேன்.

சில வருஷம் கழித்து, எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்ற காரணம் காட்டியே அந்த வண்டியை ஏலம் விட்டார்கள். வாசுதேவநல்லூர் எலுமிச்சங்காய் வியாபாரி ஒருவர் எடுத்தார். அடுத்த மாதமே ஆபீசுக்கு வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, மீட்டர்ல கோளாறா? டீசல் போட்டா தீரவே மாட்டேங்கு. நீங்க எழுதினதவிட ரெட்டிப்பா ஓடுது.”

“உங்களுக்குக் கெணறு உண்டா?”

“இல்ல. யாவாரம் மட்டுந்தான்.”

“அப்ப அப்படித்தான் ஓடும்.”

ஒன்றும் புரியாமல் போனார். வாசலில் டிரைவர் இடுப்பில் பிள்ளையோடு நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு வழி விட்டார். புது வண்டிக்குக் குறிப்பு வைக்கச் சொல்லி அன்று காலைதான் தலைவர் சொல்லியிருந்தார். இந்த முறை குளிர்காலத்தைக் கிளப்பவில்லை. டீசல் என்று எழுதிவிட்டு, சோதனை ஓட்டத்துக்கு யாரை அழைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.