ஒரு வருகைக்கு ஒரு நோவு

கடைசிப் பிள்ளை இறங்கியதும் எல்ஃப்ரீடா பென்னர் எஞ்சினை அணைக்கிறார். அணைத்த கையோடு பின்பக்கத்தில் அலாரம் அலறத் தொடங்குகிறது. அதன் வாயை அடைக்க வேண்டுமென்றால் பள்ளிப் பேருந்தின் கடைசிவரை நடந்து போய், பின்கதவின் மேல் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். போகிற வழியில் இருக்கைகளுக்கு அடியில் எந்தப் பிள்ளையாவது தூங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் நின்றவாக்கில் ஒரு நோட்டம் விடுவார்கள். எல்ஃப்ரீடா இருபத்து நான்கு இருக்கைக்கும் குனிவார். "எம் பஸ்ல ஒரு புள்ள வெறச்சுக் கெடந்துச்சுன்னு எவனும் சொல்லக் கூடாது" என்பார். கனடாவின் மானிடோபாக் குளிரில் அது வெறும் பேச்சில்லை.

ஐம்பத்தெட்டு வயது. ஓட்டும்போது வாயில் உப்புப் போட்ட சூரியகாந்தி விதை அரைபட்டுக்கொண்டே இருக்கும். தோலைக் காலிக் காபிக் கோப்பைக்குள் குறி தவறாமல் துப்புவார்.

"கோழி மாதிரியே கொத்துறீங்க, மிஸஸ் பென்னர்!" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கத்துவான்.

"வாய மூடிட்டு உக்காருடா. இல்லன்னா அடுத்த தோலு ஒன் தலையிலதான்."

அப்படிப்பட்டவர் விதையை விட்டுவிட்டார். நாக்கு வெந்ததுபோல் எரிந்தது. அதற்கு முன்பே கழுத்து போயிருந்தது. குனிந்தால் போதும், பிடரியில் தொடங்கி முதுகு வழியாகக் கால்வரை மின்சாரம் பாய்ந்தது. இருபத்து நான்கு இருக்கை, இருபத்து நான்கு ஷாக். "கர்த்தரே!" என்று கம்பியைப் பிடித்துக்கொள்வார். பிறகு அடுத்த இருக்கைக்குக் குனிவார்.

டாக்டரிடம் போகாமலா இருந்தார்? அங்கேதான் வயிறு எரிகிறது. அந்த மருத்துவமனைச் சுவரில் ஓர் அறிவிப்பு: 'ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை மட்டும்.' வரிசையில் ஒருவரை ஒருவர் முந்தாத ஊர் அது. எல்ஃப்ரீடா அந்தப் பலகைக்கும் கீழ்ப்படிந்தார். செப்டம்பரில் கழுத்தைக் கொண்டுபோனார். "டிரைவர் வேலைன்னா கழுத்து வலிக்கத்தான் செய்யும், எல்ஃப்ரீடா. தலகாணிய மாத்துங்க." ஐந்து தலையணை மாற்றியாயிற்று. நவம்பரில் மரத்துப்போன விரல்களைக் கொண்டுபோனார். "கையுறை இறுக்கமா இருக்கும்." பிப்ரவரியில் நாக்கு. "உப்ப நிறுத்துங்க." அதற்குப் பிறகு ஒருநாள், மாடிப்படி ஏறவே மலைப்பாக இருக்கிறது என்றார். "வயசாகுதுல்ல?" அன்றைக்குத் துணிந்து, "டாக்டர், விரலும் இன்னும்..." என்று தொடங்கினார். "அதுக்கு வேற நாள் வாங்கிக்குங்க."

ஒரு பெண்பிள்ளைக்கு எத்தனை உடம்பு இருக்கிறதென்று நினைத்தார்கள்? கழுத்துக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்றா? பதினோரு வருடமாக அவர் விழுங்கிவந்த நெஞ்செரிச்சல் மாத்திரையை மட்டும் கேள்வியே கேட்காமல் ஒவ்வொரு முறையும் நீட்டித்துக் கொடுத்தார்கள்.

இரண்டாவது குளிர்காலத்தில் சாவி கையிலிருந்து நழுவி விழ ஆரம்பித்தது. பேருந்து உரிமத்துக்கு டாக்டர் கையெழுத்திட வேண்டிய மருத்துவப் படிவமும் வீட்டு மேசையில் காத்திருந்தது.

"விட்டுடேன், எல்ஃபி" என்றார் கணவர் கார்னி. "வீட்ல இரு."

"இருந்து? ஒம் மூஞ்சியப் பாத்துக்கிட்டா?"

கடைசியில் கண்டுபிடித்தவள் மருந்துக் கடையின் மருந்தாளர் மரிவிக். மாத்திரை வாங்கிக் கையெழுத்துப் போடும்போது பேனா நழுவியது. "என்னக்கா ஆச்சு கைக்கு?" என்றாள். அந்தக் கடைச் சுவரில் பலகை எதுவும் இல்லை. எல்ஃப்ரீடா கழுத்து, விரல், நாக்கு, அசதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"இது நாலு நோவு இல்லக்கா, ஒண்ணா இருக்கலாம். இந்த மாத்திர வயித்து அமிலத்தக் கொறைக்குது. அது இல்லாம சாப்பாட்டுல இருக்கிற பி-12 வைட்டமின் ஒடம்புல சேராது. பி-12 கொறஞ்சா நரம்போட உறை கெட்டுப்போகும்."

"நான் தெனமும் கறி திங்கிறேனேடி!"

"தின்னா போதாதுக்கா, ஒடம்புல சேரணும். இன்னைக்கே ரத்தம் பாக்கச் சொல்லுங்க."

பார்த்தார்கள். பி-12 கிட்டத்தட்டத் துடைத்துப் போட்டதுபோல் இருந்தது. ஊசி தொடங்கியது. உணர்ச்சி திரும்பும்வரை பேருந்து ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். வலக்கை தேறிவிடும், இடக்கையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

"நல்லவேள, இப்பவாச்சும் கண்டுபிடிச்சோம்."

"கண்டுபிடிச்சோமா? யாரு? நாலு தடவ வந்தேன். ஒங்க போர்டு சொன்னபடி ஒவ்வொண்ணாத் தூக்கிட்டு வந்தேன்!" அந்த அறைக்குள் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

மார்ச் மாதம் படிவத்தில் கையெழுத்து விழுந்தது. வலக்கையின் பலமும் இடக்கையின் பிடியும் சக்கரத்தைத் திருப்பப் போதும் என்று சோதித்துப் பார்த்துத்தான் விட்டார்கள். முதல் நாள் கடைசிப் பிள்ளை இறங்கியதும் அலாரம் அலறியது. எல்ஃப்ரீடா இருபத்து நான்கு இருக்கைக்கும் குனிந்தார். மூன்றாவதில் ஒரு சுரீர், பதினேழாவதில் ஒன்று. அவ்வளவுதான்.

இரண்டு குளிர்காலமாகப் பொத்தானை முழங்கையால்தான் அமுக்கி வந்தார். இன்று வலக்கைக் கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் அமுக்கினார். உறைந்து கிடந்த பொத்தான் ஊசியாகக் குத்தியது. "ஸ்ஸ்! அம்மாடி!" என்று கையை உதறிச் சிரித்தார்.

அலாரம் அடங்கிவிட்டது. இடக்கைக் கையுறையையும் பல்லால் கடித்து உருவி, அந்த விரலைப் பொத்தானில் வைத்தார். குத்தவில்லை. வைத்த விரலையே பார்த்துக்கொண்டு, எடுக்காமல் நின்றார்.