அக்காவின் காதும் அத்தானின் ஒயரும்

எங்கள் அக்கா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பத்தொன்பது வருடம். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பாடினாலும் மூன்றாவது வரிசையில் எவள் சுருதி பிசகினாள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். அவளுக்குத்தான் காது போய்விட்டதாம்! சொன்னவர் யார், டாக்டரா? சிமெண்டு கம்பெனி குமாஸ்தாவான எங்கள் அத்தான்!

மூன்று வருடத்துக்கு முன்னால் பெரிய ஸ்பீக்கர் இரண்டு வாங்கிவந்து, தானே ஒயர் மாட்டி, பீரோவின் மேல் ஏற்றி வைத்தார். வேறு யாரும் தொடக் கூடாது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை என்பதால் சத்தம் எப்போதும் இரண்டாம் நம்பரில்தான். அதில் அக்காவுக்குத் தாளமே கேட்கவில்லை. பாட்டு ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கொஞ்சம் கூட்டுங்களேன்."

"எனக்குக் கணீர்னு கேக்குதே! உனக்குத்தான் காது மந்தமாயிடுச்சு. வயசானா வர்றதுதான், டாக்டர்கிட்டல்லாம் எதுக்கு வீண் அலைச்சல்?"

சொல்லிச் சொல்லி, அவளும் நம்பித் தொலைத்தாள். வகுப்பில் பிள்ளைகள் சரியாகப் பாடினாலும் சந்தேகம். கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு எனக்கு போன் போட்டு அழுதாள். திங்கட்கிழமை புது டீச்சர் வருகிறாளாம்.

எனக்கு வந்ததே கோபம்! மைக் செட் கடையில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். சனிக்கிழமை காலையே போய், அத்தான் தடுக்கத் தடுக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். ஒரு ஸ்பீக்கரின் முதுகில் சிவப்பு ஒயர் சிவப்பு முனையில் இருந்தது. மற்றதில் சிவப்பு ஒயர் கறுப்பு முனையில். ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் தாளத்தின் கனத்த சத்தம் எங்கே இருக்கும்? கடையில் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லித் தந்துவிடுவார்கள்.

ஒயரை மாற்றினேன். இரண்டையும் கீழே இறக்கி, சுவரிலிருந்து தள்ளி, அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் காது உயரத்துக்கு வைத்தேன். அதே இரண்டாம் நம்பரில்தான் பாட்டைப் போட்டேன். தாளம் தெளிவாக விழுந்தது. பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, "இவ இந்த இடத்துல சுருதி ஒரு இழை இறங்குறா" என்றாள்.

"அட, ஒரு ஒயர்தானே! இதுக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார் அத்தான்.

அக்கா திரும்பினாள். "உங்களுக்கும் கேக்கலதானே?"

அவர் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைக்கப் போனார்.

"மூணு வருஷமா உங்களுக்கும் கேக்கல. மாட்டுனது தப்புன்னு சொல்ல மனசு வராம, என்னைச் செவிடாக்கிட்டீங்க."

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு தலைமை ஆசிரியை வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். "ஏம்மா, ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? அந்தப் பொண்ணு கையெழுத்தே போட்டுட்டாளே" என்றார் அந்த அம்மாள்.

திரும்பி வந்தபோது அத்தான் வாசலிலேயே நின்றிருந்தார். குரலைத் தாழ்த்தி, "பாட்டு போடட்டுமா?" என்று கேட்டார்.

காது கேட்காதவள் மாதிரி அக்கா அவரைத் தாண்டி உள்ளே போனாள்.