ஆடிய படமும் அத்தானின் சேட்டும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரால் எங்களுக்கு மின்சாரம் இல்லை. கனடாவில் நடந்த தன் மகளின் கலியாண வீடியோ கசெற் வந்ததும், உடுப்பிட்டியில் இருந்த என் அக்கா ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்தார். ஜெனரேற்றரை வீட்டு வயரிங்கோடு இணைத்தார்கள். கிடைத்த மண்ணெண்ணெய் ஒருமுறை பார்க்க மட்டுமே போதும். அயலவர்கள் கூடத்தை நிறைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை மணவறைக்கு வந்ததும் படம் சுருங்கி ஆடத் தொடங்கியது.

"ஐயோ, தாலி கட்டுறதைப் பாக்கேலாமப் போகப்போகுது!" என்று அக்கா பதறினார்.

ஜெனரேற்றர்காரர் வயர்களை அசைத்துப் பார்த்தார். ஒருவர் ரீவியின் முதுகில் தட்டினார். உள்ளறையிலிருந்து அக்காவின் கணவரான அத்தான், "ஒரு படம் காட்டத் தெரியேல்லையோ உங்களுக்கு?" என்று நக்கலடித்தார்.

எனக்குப் பலர் முன்னிலையில் கதைக்கக் கூச்சம். ஆனாலும் படம் சுருங்கும்போதெல்லாம் வெளியே ஜெனரேற்றர் முனகுவதைக் கவனித்தேன். வேறு ஏதோ மின்சாரத்தை இழுக்கிறது. மெல்ல எழுந்து அறைக்குள் எட்டிப் பார்த்தேன். வருடக்கணக்காக அலுமாரியில் கிடந்த மின்சார அயன்பெட்டியால் அத்தான் தன் வெள்ளைச் சேட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், உந்த அயன்பெட்டியாலைதான் படம் ஆடுது."

"மகளின்ரை கலியாணத்துக்குக் கசங்கின சேட்டோடை வரச் சொல்லுறியோ? ஒரு கைதான் மிச்சம், பொறு."

"தாலி கட்டப்போகினம்."

சட்டென்று வயரைப் பிடுங்கினார். படம் தெளிந்தது. சேட்டைப் போட்டு, அதன் கசங்கிய கையைச் சுவர்ப்பக்கம் மறைத்தபடி, முன் கதிரையில் அவரும் ஒரு மாப்பிள்ளை போல வந்து அமர்ந்தார்.

தாலி கட்டி முடிந்த பிறகுதான் அக்காவுக்கு நினைவு வந்தது. "ஏன் படம் அப்பிடி ஆடினது?"

நான் அத்தானின் சேட்டுக் கையைப் பார்த்தேன்.

"உன்ரை தம்பி எதையோ திருத்திப்போட்டான்," என்றார் அத்தான்.