தாய்மாமன் மடியும் சோரியாசிஸும்

எனக்குச் சோரியாசிஸ். முழங்கையில், முட்டியில், மண்டையில். தோல் மருத்துவர் சில சொற்கள் சொல்லிக்கொடுத்தார். தோலில் சிவந்து தடித்து நிற்பது பிளேக். அதன்மேல் வெள்ளையாக உதிர்வது செதில். என் நகங்களில் ஊசியால் குத்தியதுபோல் இருக்கும் குழிகளுக்குப் பெயர் பிட்டிங். "எதுவும் தொற்றாது. யார் கேட்டாலும் சொல்லுங்க" என்றார். எவனும் கேட்பதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து நின்றுகொள்வான், அவ்வளவுதான்.

தங்கை பிள்ளைக்குத் திருத்தணி மலையில் மொட்டையடித்துக் காது குத்த ஏற்பாடு. இரண்டும் தாய்மாமன் மடியில்தான் நடக்க வேண்டும். அவளுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். மொட்டைக் கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தங்கையின் மாமனார் குறுக்கே வந்தார்.

"ஏம்பா, கொழந்தைக்கு ஒட்டிக்கினா இன்னா பண்றது? உன் சித்தப்பா பையன் மடியில குந்த வெக்கலாம். அவனும் மாமன்தான?"

"இது ஒட்டாது மாமா. சோரியாசிஸ்."

"இங்கிலீசுல சொன்னா சொறி இல்லன்னு ஆயிடுமா?"

கொட்டகையே சிரித்தது.

எனக்கு வாய் அடங்காது. அன்று காலை வேனில் அதே மனிதர் என் காதோரம் குனிந்து, தொடையிடுக்கு அரிப்புக்குக் களிம்பு கேட்டிருந்தார். வட்டவட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து என்று வர்ணனை வேறு. மருத்துவர் அறைச் சுவரில் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். படர்தாமரை. பூஞ்சை. துண்டு, படுக்கை என்று ஏறி வீடு முழுக்கப் பரவும்.

"என்னுது ஒட்டாது மாமா. உங்க தொடையில கீதே, அதான் ஒட்டும். தெனமும் புள்ள உங்க மடியிலதான வெளாடிகினு கீறான்?"

அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

கத்தியில் பாதி பிளேடைச் சொருகிக்கொண்டிருந்த சவரத் தொழிலாளி என் மண்டையை எட்டிப் பார்த்தார். "ஆங், செதிலுங்க. இந்த மாதிரி எத்தினி தல வழிச்சிருப்பேன், எனக்கு ஒட்டிச்சா? பின்னால கூட்டம் நிக்குது, புள்ளையக் குடுங்க சீக்கிரம்."

தங்கை பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ணா, நான் இவங்களோட குடும்பம் நடத்தணும். இன்னும் ஒரு வார்த்த பேசுன, அப்படியே ரயிலேறிப் போயிடு" என்றாள்.

பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கத்தி பட்டதும் பிள்ளை மலையே அதிரக் கத்தினான். அடுத்த நொடி என் மடி முழுக்க வெதுவெதுவென்று நனைந்தது. சித்தப்பா பையனைத் தேடினேன். செருப்புப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டானாம்.