பட்டனை அமுக்காத டெஸ்ட்

போன சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு காலிங் பெல் அடித்தது. வாசலில் கீழ் வீட்டு ஜரீனா அக்கா, கையில் ஃபோனுடன். அவருக்குப் பின்னால் இரண்டு படி கீழே மகள் நஸ்ரின், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலதான பாக்குற? இத்த கொஞ்சம் பாரேன். ரெண்டு நாளா போட்டோ ஏற மாட்டேங்குது. இன்னிக்கு அஞ்சு மணியோட மூடிடுவாங்களாம்.”

நஸ்ரின் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். லேப் டெக்னீசியன் படிக்க ஆசை. ஒரு கல்லூரியின் வெப்சைட்டில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். பெயர், மார்க், முகவரி எல்லாம் ஏறிவிட்டன. கடைசியாக ஒரே ஒரு கட்டம்... ‘புகைப்படத்தைத் தேர்ந்தெடுக்கவும்’. அதை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. போட்டோ இல்லாமல் விண்ணப்பம் போகாது.

ஜரீனா அக்கா சென்னை பாடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். காலை ஏழு மணிக்கு பஸ் பிடித்தால், திரும்பி ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டில் வந்து இறங்கும்போது இருட்டிவிடும். “இந்த வருசம் போச்சுன்னா இவளும் எங்கூட வந்து பேக்கிங்ல நிப்பா தம்பி. எனக்கு அது வேணாம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்த பக்கம். அம்பத்தூரில் இருக்கும் எங்கள் கம்பெனிதான் அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்தது. அதை டெஸ்ட் செய்து ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டவன் — அடியேன்.

‘உங்களுக்கு உண்மையில் என்ன சார் வேலை?’ என்று கடிதங்களில் அடிக்கடி கேட்கிறீர்கள் அல்லவா? இதுதான். மற்றவர்கள் செய்த வெப்சைட்டை மனிதர்கள் பயன்படுத்துவதற்கு முன்னால், மனிதர்களைப் போலப் பயன்படுத்திப் பார்ப்பது. அதையும் நான் செய்வதில்லை. ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அதுவே பிரவுசரைத் திறந்து, அதுவே ஃபார்ம் நிரப்பி, அதுவே ‘பாஸ்’ என்று பச்சை நிறத்தில் ரிப்போர்ட் அனுப்பிவிடும். நான் காபி குடித்தபடி பச்சையைப் பார்ப்பேன். மாதச் சம்பளம்!

சரி, முதலில் காரியம் ஆகட்டும். லேப்டாப்பைத் திறந்தேன். நஸ்ரினின் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கி, அங்கிருந்து ஏற்றினேன். ஒரே நிமிடம். ‘விண்ணப்பம் பெறப்பட்டது’ என்று வந்துவிட்டது. போட்டோவில் பெண்ணின் கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. சிரிப்பும் இல்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்றால் யார்தான் நன்றாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜரீனா அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “நீ நல்லா இருக்கணும் தம்பி” என்றார். உடனே மகள் பக்கம் திரும்பினார். “பாத்தியா? தம்பி ஒரே தபா அமுக்குச்சு, ஏறிடுச்சு. போட்டோதான் சரியில்லன்னு நாலு தபா ஸ்டுடியோவுக்குப் போயி எடுத்துகினு வந்தும் உனுக்கு ஒரு வேல உருப்படியா செய்யத் தெரியல.”

நஸ்ரின் துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டே இறங்கிப் போனாள்.

அந்த வெப்சைட்டை டெஸ்ட் செய்தவன் நான்தான் என்று நான் சொல்லவில்லை. அதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

கதவைச் சாத்திவிட்டு என் ஃபோனில் அதே பக்கத்தைத் திறந்து பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப்பில் வேலை செய்கிறது, ஃபோனில் செய்யவில்லை. ஏன்? பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சமீபத்தில் அந்தப் பக்கத்தில் ‘உதவி வேண்டுமா?’ என்று ஒரு பெட்டி சேர்த்திருந்தார்கள். அதை மூடிய பிறகும், கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே கிடக்கிறது. ஃபோனின் சின்னத் திரையில் அது சரியாக பட்டனின் மேல் படுத்திருக்கிறது. விரல் படுவதெல்லாம் அதன் மேல்தான். உதவிப் பெட்டி செய்த உதவி.

அப்படியானால் என் டெஸ்ட் எப்படித் தினமும் பாஸ் ஆனது?

இங்கேதான் எங்கள் தொழிலின் சின்ன தில்லுமுல்லு. ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் பட்டனை அமுக்கினால் ஒரு ஜன்னல் திறக்கும் அல்லவா, அது பிரவுசருடையது இல்லை, கம்ப்யூட்டருடையது. எங்கள் புரோகிராமுக்கு பிரவுசருக்குள் மட்டும்தான் கை நீளும். அந்த ஜன்னல் திறந்துவிட்டால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும். அதனால் டெஸ்ட் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பட்டனை அமுக்கவே மாட்டோம். பட்டனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கட்டத்தில் ஃபைல் இருக்கும் இடத்தை நேராக எழுதிவிடுவோம். ஃபைல் ஏறிவிடும். பச்சை விழுந்துவிடும்.

என் டெஸ்ட் ஒரு சூரியகாந்திப் பூவின் படத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. கையில் கிடைத்த படம் அதுதான். ஆக, தினமும் காலையில் ஒரு சூரியகாந்திப் பூ லேப் டெக்னீசியன் படிக்க விண்ணப்பித்து வெற்றி பெற்றது. ஃபோன் வைத்திருந்த நஸ்ரினால் முடியவில்லை.

டீம் லீடருக்கு ஃபோன் போட்டேன். பட்டாபிராம்காரர், பழைய நண்பர். “மச்சான், ரிப்போர்ட் எல்லாம் கிரீனாதான கீது?” என்றார்.

“கிரீன்தான். நம்ம டெஸ்ட்டு பட்டனையே அமுக்கல.”

“எத்தினி பேரு மாட்டிகினு கீறாங்களோ...” என்றார். நல்ல மனுஷன். அவரே கல்லூரியில் பேசி, கடைசித் தேதியைத் திங்கட்கிழமை மாலைக்குத் தள்ளிவைத்தார். சாயங்காலத்துக்குள் அந்தப் பெட்டியையும் தூக்கிவிட்டார்கள். நானும் உட்கார்ந்து டெஸ்ட்டை மாற்றி எழுதினேன். இப்போது அது ஃபோன் அளவுத் திரையில் ஓடும். நிஜமாகவே பட்டனை அமுக்கும். ஜன்னல் திறக்கிறதா என்று காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் ஃபைலைக் கொடுக்கும். இதற்கு வழி முன்பே இருந்தது. நான்தான் தேடவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது, இல்லையா? ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கப் போகும்போது கீழ் வீட்டுக்குள்ளிருந்து, “ஒரு போட்டோ ஏத்தத் தெரியல, நீ லேப்ல போயி இன்னாத்த பண்ணப்போற” என்று குரல் கேட்டது.

ஒரு மெஷின் வேலை செய்யவில்லை என்றால் ‘மெஷினில் கோளாறு’ என்று சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கிறது? நம்மில் முக்கால்வாசிப் பேர் ‘எனக்குத்தான் தெரியலை’ என்போம். நாங்கள் தப்புச் செய்வோம், ஆவடியில் ஒரு பெண் திட்டு வாங்குவாள். எங்களுக்கு எவ்வளவு வசதி, பாருங்கள்.

பாலை மேலே வைத்துவிட்டுக் கீழே போனேன். அக்கா பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நஸ்ரின் ஜன்னல் ஓரமாக இருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

“அக்கா, அந்த வெப்சைட்ட டெஸ்ட் பண்ணி சரியா இருக்குன்னு சொன்னதே நான்தான். பட்டன் ஃபோன்ல வேல செய்யல. நான் அத பாக்காம விட்டுட்டேன். நஸ்ரின் மேல ஒரு தப்பும் இல்ல. நேத்தே தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

அக்கா உரிப்பதை நிறுத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

நஸ்ரின்தான் முதலில் பேசினாள். “அப்ப நான் மொதல்ல எடுத்த போட்டோவே சரியாத்தான் இருந்துதா அங்கிள்?”

“அதுவே சரிதாம்மா.”

ஃபோனை எடுத்து எனக்குக் காட்டினாள். முதல் போட்டோ. உதட்டை மூடியிருந்தாலும் கண்ணில் சிரிப்பு இருக்கிறது. நான் ஏற்றியது நாலாவது, அழுதுவிட்டுப் போய் எடுத்தது.

“நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் மாத்தலாம். நீயே மாத்து. உன் ஃபோன்லயே.”

பட்டனில் விரலை வைத்தாள். திரையில் போட்டோ ஜன்னல் திறந்தது. முதல் போட்டோவைத் தொட்டாள். ஏறியது. (அட்மிஷன் லிஸ்ட் வர இன்னும் நாள் இருக்கிறது. கேட்டு எழுதாதீர்கள், எனக்கே படபடப்பாக இருக்கிறது.)

ஜரீனா அக்கா இன்னும் என்னைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு நாளா வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே தம்பி... அத்த அழிக்கறதுக்கு எந்த பட்டன அமுக்கணும்?”

என்னிடம்தான் கேட்டார். நஸ்ரின் எழுந்து வந்து, வெங்காயத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். வெங்காயக் கையால் தொடக்கூடாதே என்று அக்கா புறங்கையால் அவள் நெற்றியைத் தடவினார்.

சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். சில இடங்களில் டெஸ்டருக்கு வேலை இல்லை.