முள் காட்டிய நாற்பது

“முள்ளு நாப்பதத் தாண்டல.” இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அருள்சாமி தங்கை அருள்மேரி வீட்டு வாசலை மிதித்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய மூத்த மகன் கிளாட்சனுக்கு அபுதாபியில் வேலை கிடைத்தபோது, திருச்சி ஏர்போர்ட்டுக்கு மாமன் வேனில்தான் புறப்பட்டான். சுனாமிக்கு மறு வருஷம், தை அறுவடை. பாபநாசத்துக்கு முன்னாலேயே, அருள்மேரி நடவு வேலைக்குப் போகும் நடராசன் வீட்டு நெல் பாதி ரோட்டை அடைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த நெல்மேல் நாற்பதைத் தாண்டினால் வண்டி கையில் நிற்காது என்பது இந்தப் பக்கத்து டிரைவர் எல்லாருக்கும் தெரியும். அருள்சாமியும் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்துத்தான் நெல்மேல் ஏறினார். வேன் வழுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் இடித்தது. கிளாட்சனுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. விசாவும் அதோடு சரி.

அந்தோணியார் சுரூபத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றி அருள்சாமி சத்தியம் செய்தார். அருள்மேரி நம்பினாள். பழி முழுக்க நடராசன் வீட்டுக்குப் போயிற்று. அந்த வீட்டு நடவுக்கு அவள் பிறகு இறங்கவில்லை. நடராசன் மனைவி வள்ளியம்மை செத்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

வருஷங்கள் கழித்து, குவைத்தில் நர்ஸாக இருந்த அருள்மேரியின் மகள் லின்சி அண்ணனுக்கு ஒரு செல்போன் அனுப்பினாள். கட்டைக் காலுக்கு அளவு கொடுக்க மாமனோடு கும்பகோணம் போகையில், கிளாட்சன் அதை மடியில் வைத்திருந்தான்.

“மாமா, இதுல ஜி.பி.எஸ். இருக்கு. வண்டி வேகத்தச் சொல்லும்.”

“நம்ம முள்ளு போதாதாக்கும் ஒனக்கு?”

“ஒங்க முள்ளு கெழடு மாமா. நாப்பதுல வச்சு ஓட்டுங்க, பாப்பம்.”

வைத்தார்.

“இதுல நாப்பத்தாறு.”

“ஒன் போனு அரபிக்காரன் கணக்கு சொல்லுது.”

கிளாட்சன் சிரித்தான். ஐம்பதில் வைத்தார். போன் ஐம்பத்தெட்டு என்றது. அவன் சிரிப்பு நின்றது.

“டயர் பெருசு மாமா. ஒரு சுத்துக்குக் கூடுதலா ஓடும். முள்ளுக்குச் சுத்து மட்டுந்தான் தெரியும்.” போனைப் பார்த்தபடியே கேட்டான்: “இந்த சைஸ் எப்ப போட்டீங்க?”

வயல் நடுவே இருக்கும் வீடுகளுக்கு மண்பாதையில் வண்டியின் அடி தரை தட்டாமல் போகவேண்டுமென்று போட்டது. தேய்ந்து மாற்றியபோதெல்லாம் அதே அளவுதான்.

“நீ பொறப்பட்டியே, அதுக்கு முந்தின ஐப்பசி மழையில,” என்றார்.

கிளாட்சன் போனை அணைத்துப் பையில் போட்டான். “அம்மாகிட்ட சொல்லாதீங்க.”

ஆனால் சத்தியம் செய்த வாய். அன்று சாயங்காலமே அருள்சாமி சொல்லிவிட்டார். அருள்மேரி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வள்ளியம்மை செத்தன்னிக்காவது சொல்லியிருக்கலாமேண்ணே.”

“அன்னிக்கு எனக்கே தெரியாதே மேரி.”

அவள் மீன் சட்டியைக் கழுவப் போய்விட்டாள். ‘சாப்பிட்டுட்டுப் போண்ணே’ என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடராசன் வீட்டுக்கு நடந்து போனாள். பூட்டு தொங்கியது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கிழவர் தன் மகன் அரவிந்தனோடு சிங்கப்பூர் போய்விட்டார் என்றார்கள் பக்கத்து வீட்டில். இனி வரமாட்டாராம்.

திரும்பும்போது அருள்சாமி வேனை நிறுத்திக் கதவைத் திறந்தார். “வெயிலு மேரி. ஏறு.”

அவள் ஏறவில்லை. அவர் வண்டியை எடுத்து, அவள் நடைக்கு மேல் போகாமல் பின்னாலேயே வந்தார். முள் அசையவே இல்லை.