கண்டக்டரின் ஆறாவது விரல்

டிராயிங் டீச்சர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. குழந்தை வரைந்த படம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. "இங்க கொடு" என்று வாங்கி, மூக்கில் ஒரு கோடு, தென்னை மரத்துக்கு நாலு ஓலை, தண்ணீரில் இரண்டு நெளி என்று போட்டுவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம். குழந்தையும் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டு போகும். வீட்டில் அதைச் சுவரில் ஒட்டி வருவோர் போவோரிடமெல்லாம் காட்டுவார்கள். பாதிப் படம் டீச்சருடையது என்பது அவர்களுக்குத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டிராயிங் டீச்சராக இருந்தேன். கணக்குக்கும் தமிழுக்கும் டீச்சர்கள் கூட்டமாக இருப்பார்கள். டிராயிங்குக்கு மட்டும் பள்ளிக்கு ஒருத்தர்தான். ஸ்டாஃப் ரூமில் எங்கள் ஞாபகம் வருவது ஆண்டு விழாவுக்கு பேனர் எழுதவும் சரஸ்வதி பூஜைக்குக் கோலம் போடவும்தான். "நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்று ஆரம்பிக்கிற எவரைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

அதனால் இரண்டாவது சனிக்கிழமை என்றால் எனக்குத் தீபாவளி. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு, சாந்தோம் பக்கத்து டிராயிங் மாஸ்டர்களும் டீச்சர்களும் அன்றைக்கு மத்தியானம் லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியின் டிராயிங் ரூமில் கூடுவோம். தலைவர், செயலாளர் என்றெல்லாம் யாரும் கிடையாது. சூடான பஜ்ஜி, தூக்கு நிறைய காப்பி, காது கிழியும் சண்டை, அவ்வளவுதான். பானைக்கு நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று தொண்டை வற்றக் கத்திவிட்டு, வீட்டுக்குப் போகும்போது சிரித்துக்கொண்டே போவோம்.

வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் மாணவர்களின் படங்களை அதே அறையில் கண்காட்சியாக வைப்போம். முதல் வருஷமே மானம் போயிற்று. தி. நகர் பள்ளியிலிருந்து வந்த படங்கள் அத்தனையிலும் ஒரே தென்னை மரம், ஒரே வளைவு. "இந்த மரத்தை எனக்கு நல்லாத் தெரியுமே" என்றார் அடையாறு டீச்சர். தி. நகர் மாஸ்டர் முகம் சிவந்து போனார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்கள் எல்லோரையும்விட நன்றாக வரைபவர். அன்றைக்கே அவராக எழுந்து நின்று ஒரு விதி கொண்டுவந்தார்: டீச்சர் கை பட்ட படம் இனிமேல் சுவரில் ஏறக் கூடாது. எல்லோரும் கை தட்டி ஒப்புக்கொண்டோம்.

அடுத்த கண்காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் எச்.எம். என்னைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் கணக்கு டீச்சராக இருந்து எச்.எம். ஆனவர்.

"ஏழாம் கிளாஸுக்கு வாரத்துல ரெண்டு பீரியட் டிராயிங் எதுக்கு? எப்பப் பார்த்தாலும் ரெண்டு மலை, நடுவுல ஒரு சூரியன், கீழ ஒரு குடிசை. மெட்ராஸ்ல எந்தக் குழந்தைடி மலையைப் பார்த்துது? அடுத்த வருஷம் அதைக் கணக்குக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"கண்காட்சிக்கு வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க மேடம்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. "வரேன். இந்தக் குழந்தை நெஜமாவே எதையோ பார்த்திருக்குன்னு ஒரே ஒரு படத்துலயாவது எனக்குத் தோணட்டும். அந்த ரெண்டு பீரியடையும் நான் தொடமாட்டேன்."

என்னிடம் அப்படி ஒரு படம் இருந்தது. அடையாறு ஆற்றங்கரையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஏழாம் வகுப்புப் பெண் வரைந்தது. கூட்டம் நெரிகிற பஸ்ஸின் உட்புறம். அவள் குள்ளம். அதனால் படத்தில் யாருக்கும் முகமே இல்லை. இடுப்புகள், முழங்கைகள், டிபன் பாக்ஸ்கள், ஒரு கூடையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கோழிக் கால். நட்டநடுவில் காக்கிச் சட்டைக்கு முன்னால் டிக்கெட் கட்டைப் பிடித்த கண்டக்டரின் கை. அந்தக் கையில் ஆறு விரல்.

அது எனக்கும் கண்ணில் படாமல் இல்லை. எண்ணிக்கை தப்பிவிட்டது, பாவம் குழந்தை என்றுதான் நினைத்தேன். கை பரபரவென்று வந்தது. விதியை நினைத்துக்கொண்டு பிரஷ்ஷைத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம் எல்லோரும் சேர்ந்து படங்களை மாட்டிக்கொண்டிருந்தோம். தி. நகர் மாஸ்டர் வாசலில் வைக்கிற பலகைக்குப் பழுப்பு நிறத்தில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். காப்பி வந்தது. டம்ளரை ஒரு கையிலும் பிரஷ்ஷை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு படம் படமாகப் பார்த்துக்கொண்டு போனவர், என்னிடம் வந்து சாதாரணமாகச் சொன்னார்.

"பஸ் படம் ரொம்ப நல்லாருக்கு டீச்சர். பிள்ளை ஒரு விரல் கூடப் போட்டிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு வாய் காப்பி குடித்தார். அப்புறம்தான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். பழுப்போடு கொஞ்சம் வெள்ளை கலந்து, காக்கிச் சட்டையின் நிறத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்து விரலை மூடியிருந்தார். அப்படி ஒரு விரல் இருந்ததற்கு அடையாளமே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது.

"உங்களை யார் சார் கேட்டா? நீங்க போட்ட விதிதானே இது!"

"கை தானாப் போயிட்டு டீச்சர். சத்தியமா எனக்குத் தெரியல" என்றார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

விதிப்படி படத்தை இறக்க வேண்டும் என்றார் ஒருவர். பிளேடால் சுரண்டிவிடலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் அடையாறு டீச்சர்தான் வழி சொன்னார். "படம் அந்தப் பொண்ணோடது. காலைல வருவா இல்ல? அவ கையால அவளே சரி பண்ணிட்டா, மறுபடியும் அவ படம்தான்." அதற்கு எல்லோரும் சம்மதித்தார்கள்.

மறுநாள் காலை அவள் எண்ணெய் வழிய ரெட்டைப் பின்னலோடு வந்தாள். நேராகப் படத்திடம் போனாள். நாங்கள் எல்லோரும் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவர்கள் மாதிரி பின்னால் நின்றோம்.

"டீச்சர், ஒரு வெரல காணோம்!"

தி. நகர் மாஸ்டர் முன்னால் வந்தார். "நான்தாம்மா அழிச்சேன். ஆறு இருந்துச்சேன்னு..."

"அவருக்கு ஆறுதான் சார் கீது" என்றாள் அவள், கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாமல். "கட்ட வெரலாண்ட சின்னதா ஒண்ணு கீது. அதாலதான் சார் டிக்கெட்ட தள்ளி தள்ளி குடுப்பாரு."

அடையாறு டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நான் தினம் அந்த பஸ்லதானே போய்ட்டு வரேன்!"

மாஸ்டர் தன் பிரஷ்ஷையே அவளிடம் கொடுத்தார். பத்திரப்படுத்தி வைத்திருந்த நல்ல பிரஷ், யாருக்கும் தொடக் கொடுக்கமாட்டார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு விரலைத் திரும்பப் போட்டாள். போன விரலைவிட இது கொஞ்சம் கொழுகொழுவென்று வந்தது. படம் மறுபடியும் சுவரில் ஏறியது.

பத்து மணிக்கு எச்.எம். வந்தார். மலைகளையும் குடிசைகளையும் வேகமாகத் தாண்டினார். பஸ் படத்துக்கு முன்னால் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடி! இது நம்ம கண்டக்டர்னா!" என்று அறையே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "மூஞ்சியே இல்ல, ஆனா அவனேதான். அந்தக் கையைத்தான் நான் தெனம் பார்த்துண்டு வரேனே."

கணக்கு டீச்சர் அல்லவா, விரலை எண்ணாமல் விட்டிருப்பாரா! கிளம்பும்போது என்னிடம், "ரெண்டு பீரியடையும் நீயே வெச்சுக்கோ" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சாயங்காலம் யாரும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. லஸ்ஸில் அந்தக் கண்டக்டருடைய பஸ்ஸுக்காகக் காத்திருந்து, அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் ஏறினோம். அடையாற்றில் எந்த ஜோலியும் இல்லாத தி. நகர் மாஸ்டர்தான் முதலில் ஏறினார். டிக்கெட் நீட்டிய கையையே பத்து ஜோடிக் கண்கள் பார்த்தன.

"இன்னா சார், அல்லாரும் என் கைய்யே பாத்துகினு கீறீங்க?" என்றார் கண்டக்டர்.

"உங்க கையை இந்தப் பொண்ணு படமாப் போட்டிருக்கு, லஸ்ல மாட்டி வச்சிருக்கோம்" என்றார் மாஸ்டர்.

கண்டக்டர் அவளைக் குனிந்து பார்த்தார். "குட்டி வெரலயும் போட்டியா கண்ணு?"

"போட்டேன். ரெண்டு வாட்டி போட்டேன்" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

அதற்கு அடுத்த இரண்டாவது சனிக்கிழமை மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் படங்களைப் பார்த்தார். முதலில் கேலி செய்தோம், பிறகு ஒவ்வொருவராக நாங்களும் கட்டிக்கொண்டோம். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பெஞ்சுகளுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டி நடப்பவர் எங்கள் ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஜூன் மாதம் புது ஏழாம் வகுப்புக்குள் அப்படித்தான் நுழைந்தேன். முதல் பெஞ்சில் ஒரு வாண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"கை வலிக்குதா டீச்சர்?"

"ரொம்ப வலிக்குது. நீ வரை" என்றேன்.